ஓட்டை இல்லாத குப்பி

இதுல ஓட்டை இல்ல. இன்னொருக்கா தடவிப் பாக்கேன், பெருவிரலை வாய்ப்பக்கம் வச்சு, இல்ல, மொழுமொழுன்னு இருக்கு, ஊசி குத்தின தடமே இல்ல. மத்ததை எடுத்துப் பாக்கேன், இருக்கு, இதுல இருக்கு, இதுலயும் இருக்கு, மிளகைவிடச் சின்ன ஓட்டை, விரலை வச்சா லேசாக் கீறும். கீறுறதெல்லாம் காலி. கீறாத ஒண்ணுக்கு இந்த நீல டப்பாவுக்குள்ள என்ன வேலை. இது காலி போடுற டப்பா. நான்தான் போடுவேன், நான்தான் எடுப்பேன், வேற ஒருத்தரையும் தொட விட மாட்டேன், அதுக்காகவே இந்தப் படகுத்துறையில எனக்கு வாய்க்காரின்னு பேரு. வாய்க்காரி ஜசிந்தா. காலியைத் திருப்பிக் குடுத்தாத்தான் கொச்சிக் கடைக்காரன் புதுசு அனுப்புவான், அதுக்காகக் காகிதத்துல ஒவ்வொண்ணாச் சுத்திக்கிட்டு இருந்தேன், பாதிக்கு மேல சுத்தியாச்சு, அப்ப இது கையில வந்துச்சு. கனமா வந்துச்சு. கை முதல்லயே சொல்லிருச்சு, நான்தான் நம்பல. இப்பத் தராசுல வைக்கேன். குப்பி மேல என்ன எடை அடிச்சிருக்கோ அதே எடை காட்டுது. உள்ள கேஸ் அப்படியே இருக்கு. அப்ப இது நேத்து நான் எடை போட்டு எடுத்து வச்ச புதுசு. புதுசு இங்க கிடந்தா காலி எங்க கிடக்கு. ஒரு நிமிசம் பொறு ஜசிந்தா, அவசரப்படாத, டப்பாவைக் கவுத்து மறுபடி பாரு. பாத்துட்டேன். இது புதுசுதான்.

அப்ப ஒரு காலிக் குப்பி ஏதோ ஒரு லைஃப் ஜாக்கெட்டுக்குள்ள இருக்கு, வேற எங்கயும் இருக்க வழியில்ல, எல்லா ஜாக்கெட்டையும் படகுல ஏத்தியாச்சு, இப்பக் கடல்ல இருக்கு. பழைய தெர்மாகோல் ஜாக்கெட்டா இருந்தா ஒரு கவலையும் இல்ல, அது எலி கடிச்சாலும் மிதக்கும். முதலாளி நெவில் சாருக்கு அது பிடிக்கல. வாரவங்க போட்டோவுல குண்டாத் தெரியுறாங்களாம், புழுங்குதாம். அதனால இதை வரவழைச்சாரு, கழுத்தைச் சுத்தி ஒரு பட்டை, இடுப்புல ஒரு கொளுவி, தோள்ல துண்டு போட்ட மாதிரி கிடக்கும், அவ்வளவுதான். உள்ள மடிச்சு வச்ச ரப்பர் பை, அதுக்கு அடியில இந்த இரும்புக் குப்பி. தண்ணியில விழுந்தா நெஞ்சுக்குக் கீழ தொங்குற சிவப்புப் பிடியை இழுக்கணும், ஊசி குப்பியைக் குத்தும், புஸ்ஸுன்னு பை நிறைஞ்சு ஆளைத் தூக்கிரும். ஒருக்கா இழுத்தா அந்தக் குப்பி செத்துது. அதைக் கழட்டிட்டுப் புதுசைத் திருகணும், புதுப் பச்சைப் பிளாஸ்டிக் துண்டு மாட்டணும், பையை வாயால ஊதி ராவெல்லாம் வச்சுக் காத்து இறங்குதான்னு பாக்கணும், மடிப்பு பிசகாம மடிக்கணும். அதுக்குத்தான் நான். போன வாரம் ஒரு ஆபீஸ் கூட்டம் வந்துச்சு. நடுக்கடல்ல ஒருத்தன் சும்மா இழுத்துப் பாத்திருக்கான், அவனைப் பாத்து எல்லாரும் இழுத்திருக்காங்க, கரைக்கு வாரப்ப அத்தனை பேரும் கழுத்துல மஞ்சப் பலூனோட சிரிச்சுக்கிட்டு இறங்குறாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவங்களை அப்படியே திருப்பிக் கடல்ல தள்ளியிருப்பேன், மிதந்திருப்பாங்க, ஒண்ணும் ஆயிருக்காது. அந்தக் கூத்துனாலதான் எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிரிச்சுப் போட வேண்டி வந்துச்சு. இல்லன்னா இந்தத் தப்பு வராது. வெளிய தெரியுற பச்சைத் துண்டைத்தான் எல்லாரும் நம்புறாங்க, பச்சை தெரிஞ்சாச் சரின்னு. பச்சைக்கு என்ன தெரியும். பிடியை இன்னும் யாரும் இழுக்கலங்கிறது மட்டுந்தான் அதுக்குத் தெரியும். உள்ள இருக்கிற குப்பி உயிரோட இருக்கா செத்துக் கிடக்கான்னு அதுக்குத் தெரியாது.

படகை ஓட்டிட்டுப் போயிருக்கது என் வீட்டுக்காரர் கஸ்பார். கூடச் சூசை போயிருக்கான், நங்கூரம் பாக்க. வந்தவங்க கோயம்புத்தூர்க் குடும்பம், புருசன், பொண்டாட்டி, பொண்டாட்டியோட அண்ணன், ஒரு சின்னப் பிள்ளை, தீவு வரைக்கும் போய் ஓங்கில் மீன், அதான் டால்பின், பாத்துட்டு வரணும்னு. அதுல யார் கழுத்துல காலி கிடந்தாலும் பாவம், அந்தப் பிள்ளை கழுத்துல கிடந்தா, ஐயோ, அதை நினைக்க மாட்டேன். பிள்ளைக்கு நல்லவேளை தெர்மாகோல்தான் போட்டாங்க, இது அளவு பத்தாது. ஆனாலும் என் நெஞ்சு அந்தக் குடும்பத்துக்கிட்ட நிக்க மாட்டேங்குது, நேரா என் வீட்டுக்காரர்கிட்டதான் போகுது. கேக்கறவங்க சிரிப்பாங்க, கடல்லயே பொறந்து வளந்த கஸ்பாருக்கு ஜாக்கெட்டைப் பத்தி என்ன பயம்னு. அவுக நீந்துன நீச்சலை இந்தக் கரையே பாத்திருக்கு. அது போன தவக்காலம் வரைக்கும். ஒரு நாள் காலையில டீ குடிக்கும்போது இடது கடைவாயில டீ ஒழுகுச்சு, துடைச்சுக்கிட்டாக, மறுபடி ஒழுகுச்சு, என்ன இது டம்ளர்ல ஓட்டையான்னு என்னைக் கேட்டாக. டம்ளர் இடது கையில இருந்து நழுவி விழுந்துச்சு. ஆஸ்பத்திரியில லேசான வாதம்னு சொன்னாங்க, தப்பிச்சீங்கன்னு சொன்னாங்க. தப்பிச்சாகதான். கால் சரியாச்சு, பேச்சு சரியாச்சு. இடது கை மட்டும் தோளுக்கு மேல வராது, கடைவாய் இன்னும் லேசா ஒழுகும். இது எனக்கும் டாக்டருக்கும் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. ஸ்டியரிங்கை வலது கையால பிடிச்சுக்கிட்டு இடது கையைச் சும்மா அது மேல எடுத்து வச்சிருப்பாக, பாக்கிறவனுக்கு ரெண்டு கையாலயும் ஓட்டுற மாதிரி இருக்கும். நெவில் சாருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே கரையில இறக்கிருவாரு. கரையில உக்காந்தா அவுக உசிரோட இருக்க மாட்டாகன்னு அவுக சொல்லுதாக. கடல்ல விழுந்தா உசிரோட இருக்க மாட்டீகன்னு நான் சொல்லுதேன். அந்தச் சண்டையிலதான் அவுகளும் ஜாக்கெட்டு போடணுங்கிற பேச்சு வந்துச்சு.

நேத்து மத்தியானம். நேத்து மத்தியானத்தை எடுத்துப் பாப்போம், பதறாம, துணி பிரிக்கிற மாதிரி. இதே ஷெட்டு, இதே பாய். வலது பக்கம் புதுக் குப்பி, ஒவ்வொண்ணாத் தராசுல வச்சு எடை சரியான்னு பாத்து வரிசையா நிறுத்தியிருந்தேன், அதுல நான் தப்பே பண்ணல, அதை யார் முன்னாலயும் சொல்லுவேன். இடது பக்கம் நீல டப்பா. மடியில ஜாக்கெட்டு. காலியைக் கழட்டுவேன், இடது கையால டப்பாவுல போடுவேன், சத்தம் கேக்கும், அதுக்குப் பிறகுதான் வலது கை புதுசைத் தொடும். டப்பாச் சத்தம் கேக்காமப் புதுசைத் தொடக் கூடாதுன்னு எனக்கு நானே வச்ச சட்டம். கொஞ்சம் ஜாக்கெட்டு முடிஞ்சிருந்துச்சு, கொஞ்சம் பாக்கி. அப்பத்தான் துக்கமணி அடிச்சுது. ஒரு அடி, நீளமா ஒரு மூச்சு, மறுபடி ஒரு அடி. அடிக்கிற விதத்துலயே தெரிஞ்சுபோச்சு ஆம்பளைன்னு, உடனே கயித்தான்தான்னு நினைச்சேன், ரெண்டு வாரமா இழுத்துக்கிட்டுக் கிடந்தாரு, கஸ்பாருக்குத் தொழில்ல கூட்டாளி. எங்க மாமியார் வீட்டுல ஒரு வழக்கம், கோயில் மணி அடிச்சா கையில எது இருந்தாலும் கீழ வச்சிரணும், வெறுங்கையாலதான் சிலுவை போடணும், அதுலயும் இரும்பு இருக்கவே கூடாது. கத்தி வச்சு மீன் அறுத்துக்கிட்டு இருந்தாலும் அப்படியே வச்சிருவோம். கல்யாணம் ஆகி வந்த புதுசுல சிரிப்பா இருந்துச்சு, இப்ப என் கை தானா வச்சிருது. நேத்தும் வச்சுது. அப்பக் கையில என்ன இருந்துச்சு. ஒரு குப்பியா, ரெண்டா.

ரெண்டு. ரெண்டு இருந்துச்சுன்னுதான் தோணுது. சட்டம் போட்டவளே சட்டத்தை மீறியிருக்கேன், பாக்கி சீக்கிரம் முடியட்டும்னு இடது கை காலியைக் கழட்டும்போதே வலது கை புதுசை எடுத்திருச்சு. மணி. ரெண்டையும் பாயில வச்சேன், பக்கத்துல பக்கத்துல, ஒண்ணு போல ரெண்டு. சிலுவை போட்டேன். செத்தவங்களுக்குச் சொல்லுற நித்திய இளைப்பாற்றி செபம் சொன்னேன். கயித்தானுக்காகச் சொன்னேன், முழு மனசா, கண்ணை மூடித்தான் சொன்னேன், கண்ணைத் திறந்தேன், ரெண்டையும் எடுத்தேன். எடை தெரிஞ்சிருக்கணுமே. இப்பக் கை சொல்லிருச்சே, நேத்து ஏன் சொல்லல. நேத்து கை கயித்தான் வீட்டுல இருந்துச்சு. அவரு பொண்டாட்டி தனியா என்ன செய்வான்னு இருந்துச்சு, எனக்கும் ஒரு நாள் இந்த மணி அடிக்குமேன்னு இருந்துச்சு, எனக்கில்ல, அவுகளுக்கு அடிச்சு நான் கேக்கணுமேன்னு. அந்த நினைப்போடதான் குப்பியைத் திருகியிருக்கேன். கண்ணை மூடியிருந்தேன்னு சொன்னேன்ல, மூடுறதுக்கு முன்னால எதையோ பாத்தேன். மடியில கிடந்த ஜாக்கெட்டுல எதையோ பாத்தேன். அது ஞாபகம் வந்தா யாரோட ஜாக்கெட்டுன்னு தெரிஞ்சிரும். வர வேண்டாம். வரணும். எல்லா ஜாக்கெட்டும் ஒரே கறுப்பு, ஒரே பட்டை, எதுலயும் பேரு இல்ல.

காத்து எழும்பிருச்சு. மேற்க இருந்து வர்ற கச்சான் காத்து. ஷெட்டு வாசல்ல தொங்குற சாக்கு உள்பக்கமா வந்து அடிக்குது, காலையில அது அசையவே இல்ல, கடலும் பால் மாதிரி கிடந்துச்சு. போனைப் போட்டுப் பாக்கேன். எல்லைக்கு அப்பால இருக்காங்கன்னு அந்தப் பொம்பளை சொல்லுதா, நல்ல சந்தோசமா சொல்லுதா. தீவுக்கு அந்தப் பக்கம் போனா அப்படித்தான். ஆபீஸ்ல வயர்லெஸ் இருக்கு, அதுல கூப்பிடலாம், அதுக்கு நெவில் சார்கிட்டப் போகணும். என்ன சொல்லி. சார், ஒரு ஜாக்கெட்டுல காலி போட்டுட்டேன். யாருதுல. தெரியல. வயர்லெஸ் பேசினா படகுல ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேக்கும், அந்தக் குடும்பம் மொத்தமும் கேக்கும், பிள்ளை அழும். சாரு, கஸ்பார்னா நீந்துவானே, குடும்பத்தை மட்டும் பத்திரமாக் கூட்டிட்டு வரச் சொல்லுவோம்பாரு. அப்ப நான் என்ன சொல்ல, அவுகளுக்கு நீந்த முடியாதுன்னா. எழுந்திரிக்கேன். உக்காருறேன். இது என்ன, சின்னக் காத்து, இதைவிட எத்தனை காத்து பாத்தாச்சு, யாரும் விழப் போறதில்ல, போன வருசம் பூரா யாராவது விழுந்தாங்களா, இல்ல. படகு வரும், நான் ஒண்ணும் பேசாம ஜாக்கெட்டை வாங்கி, தடவிப் பாத்து, மாத்தி வச்சிருவேன், யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நடக்கும். அப்புறம் ஏன் இந்தக் குப்பியைக் கீழ வைக்க மாட்டேங்குறேன். உள்ளங்கையில வேர்த்து, இரும்பு வாடை அடிக்குது.

இன்னைக்குத்தான் அவுக முதல் தடவை போட்டுட்டுப் போனாக. எத்தனை நாள் சண்டை அது. கடல்காரனுக்கு எதுக்குட்டி ரவிக்கை, இதைப் போட்டுக்கிட்டு நான் கரையில நடந்தா கயித்தான் குழியில இருந்து எந்திரிச்சுச் சிரிப்பான், இது நேத்து ராத்திரி சொன்னது, கயித்தானைச் சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டு வந்து குளிச்சுட்டு உக்காந்து. நான் அழுதேன். நான் அழுகிறவ இல்ல, சட்டியைத் தூக்கிப் போடுறவ, அதனாலயோ என்னமோ அவுக கேலியை நிறுத்திட்டாக. மணி கேட்டுச்சுல்ல, நேத்து கேட்டுச்சுல்ல, நான் இன்னொருக்கா அந்த மணியைக் கேக்க மாட்டேன், நான் கையால மடிச்சு வச்சதைப் போட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். காலையில போட்டுக்கிட்டாக. இடது கையைப் பட்டைக்குள்ள நுழைக்க நான்தான் தூக்கி விட்டேன், யாரும் வர முன்னால, இந்த ஷெட்டுக்குள்ள. கொளுவியை மாட்டிட்டுப் பச்சையைக் காட்டினேன், பாருங்க, பச்சைன்னு. அவுகளும் குனிஞ்சு பாத்துட்டு, சரிட்டி, பச்சைன்னாக. பை ஊதலன்னா வாயால ஊத ஒரு குழாய் இருக்கு, தோள்பக்கம், அதையும் காட்டினேன். அவுகளால ஊத முடியாது. உதட்டை இறுக்கிப் பிடிச்சாத்தான் குழாய்க்குள்ள காத்து போகும், இவுகளுக்குக் கடைவாய் வழியாப் போயிரும். டீயே நிக்கல. அதைக் காட்டும்போது ரெண்டு பேரும் சிரிச்சோம். மடிப்பை நேராக்கி விடும்போது உள்ள வச்சுத் தச்ச மாதா பதக்கம் விரல்ல பட்டுச்சு.

பதக்கம். ஆபீஸ் கூட்டம் இழுத்துப் போட்டதுல ஒண்ணை அவுகளுக்குன்னு ஒதுக்கி, அதுக்கு அடையாளம் வேணும்னு, அதுக்காகவும் இல்ல, மாதா அவுக நெஞ்சு மேல இருக்கட்டும்னு, மடிப்புக்கு உள்பக்கம் ஒரு அலுமினியப் பதக்கத்தை நாலு தையல் போட்டுத் தச்சு வச்சேன், ரப்பர்ல ஊசி படாம வெளித்துணியில மட்டும். அதைத்தான் பாத்தேன். நேத்து கண்ணை மூடுறதுக்கு முன்னால. மணி அடிக்குது, ரெண்டு குப்பியையும் கீழ வைக்கேன், கை நெத்திக்குப் போகுது, கண்ணு மடியில விழுது, மடிப்பு பிரிஞ்சு கிடக்கு, அதுல மாதா ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கா. ஒரு நூல் தளர்ந்திருக்கே, பிறகு முறுக்கணும்னு கூட நினைச்சேன். நூலை நினைச்சிருக்கேன். இது கற்பனை இல்லையா ஜசிந்தா. பயத்துல மனசு எதையாவது கொண்டு வந்து ஒட்டும். இல்ல. அந்த நூலைப் பிறகு முறுக்கினேன், அது நிஜம், குப்பியைத் திருகி முடிச்ச கையோட முறுக்கினேன், பல்லால கடிச்சு அறுத்தேன், நூல் நாக்குல ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு. அவுக ஜாக்கெட்டுதான். எத்தனையோ ஜாக்கெட்டுல அவுகளுதுதான். குடும்பத்துக்கு ஒண்ணும் இல்லன்னு ஒரு நிம்மதி வரணும்ல, வரல. கையில செத்த குப்பியைக் குடுத்து, பச்சையைக் காட்டி, அழுது அனுப்பியிருக்கேன். இதைப் போடாமப் போயிருந்தா அவுக பயத்தோட போயிருப்பாக, ஓரத்துக்குப் போக மாட்டாக, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக. இப்ப தைரியமாப் போயிருக்காக.

செருப்பைக் கூடப் போடல. ஆபீசுக்கு ஓடுறேன். சொல்லிரணும், எல்லாத்தையும் சொல்லிரணும், கை, வாய், பதக்கம், மணி, வேலை போனாப் போகட்டும், கரையில உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே கிடக்கட்டும், எனக்கு அது போதும். கதவு பூட்டிக் கிடக்கு. டீக்கடை பவுலின் எட்டிப் பாக்கா. "சார் டவுனுக்குப் போனாரு ஜசிந்தாக்கா, பேங்க் வேலையாம், இருட்டுறதுக்குள்ள வந்துருவாராம். என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" ஒண்ணுமில்லட்டி, சாவி யார்கிட்ட இருக்குன்னு கேக்கேன். "அவர்கிட்டதான். ஒரு டீ குடிக்கியா?" வேண்டாம். கண்ணாடி ஜன்னல்ல முகத்தை வச்சு உள்ள பாக்கேன். மேசை மேல வயர்லெஸ் பெட்டி, சிவப்பு லைட் எரியுது, கர்ருன்னு சத்தம். கர்ர். நிக்குது. மறுபடி கர்ர், அதுக்குள்ள யாரோ பேசுறாங்க. ஆம்பளைக் குரல். ரெண்டு தடவை ஒரே வார்த்தையைச் சொல்லுது, அது பேரா, இடமா, கடைசியில ஓவர்ங்கிறது மட்டும் கேக்குது. எங்க படகா வேற படகா. அவுக குரலா சூசை குரலா. அவுக குரலா இருக்கட்டும். காதைக் கண்ணாடியில ஒட்டி வைக்கேன், கடலைவிட இந்தக் கண்ணாடி சத்தம் போடுது, காத்து அடிச்சு அதிருது. குரல் பதிலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. யாரும் பதில் சொல்லல. கர்ர்னு நின்னுபோச்சு. பவுலின் பின்னால வந்து நிக்கா, "உங்க வீட்டுக்காரரு இன்னைக்கு ரவிக்கை போட்டுக்கிட்டுல்ல போனாரு, சூசை சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்"னு சொல்லுதா. நானும் சிரிக்கேன். சிரிச்சதுதான் எனக்கு இன்னைக்கு வந்த பெரிய கஷ்டம்.

துறை முனையில நிக்கேன். வெயில் தாழ்ந்திருச்சு, இந்நேரம் வந்திருக்கணும். வழக்கமா அந்த விளக்குக் கம்பத்துக்கு வலப்பக்கம் வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். தெரியல. அலையெல்லாம் வெள்ளை வெள்ளையா உடையுது, ஒவ்வொண்ணும் படகு மாதிரி ஒரு நொடி தெரிஞ்சுட்டுப் போகுது. அவுக தண்ணிக்குள்ள இருந்தா என்ன செய்வாக. வலது கையால பிடியை இழுப்பாக. நான் சொன்னபடி, தயங்காம, முழு மூச்சா இழுப்பாக, நான் சொன்னதைச் செய்யணும்னா சரியாச் செய்வாக, அதுதான் பிரச்சினை. இழுத்துட்டு ஒரு நொடி காத்திருப்பாக, இப்ப ஊதும் இப்ப ஊதும்னு. அந்த ஒரு நொடியை என்னால தாண்ட முடியல. அங்க போய் மாட்டிக்கிட்டு மனசு திரும்பி வர மாட்டேங்குது. காத்திருக்கும்போது என்னை நினைப்பாகளா. ஜசிந்தா மடிச்சது, ஊதிரும்னு நினைப்பாக. அதுக்குப் பிறகு நினைக்கிறதுக்கு என்ன இருக்கு. கயித்தான் மேல கோவம் வருது, செத்த மனுசன் மேல, இன்னும் கொஞ்சம் இழுத்துக்கிட்டுக் கிடந்திருக்கலாமே, ஒரு மணி நேரம், நான் அந்த ஜாக்கெட்டை முடிக்கிற வரைக்கும். மணி அடிச்ச கோயில்பிள்ளை மேல கோவம் வருது, மாமியார் மேல, அவங்க வழக்கத்து மேல. என் மேல கோவம் வரல, அது கோவம் இல்ல, அதுக்குப் பேரு தெரியல. குப்பியைப் பிடிச்ச கை மரத்துப்போச்சு. இது அங்க இருக்க வேண்டியது, இங்க என் கையில இருக்கு.

புள்ளி. புள்ளிதான், அலை இல்ல. பெருசாகுது. எங்க படகு, நீல மேற்கூரை. மெதுவா வருது. கண்ணைச் சுருக்கிப் பாக்கேன், ஸ்டியரிங்ல நிக்கது அவுக இல்ல. சூசை நிக்கான். சூசை ஓட்டுறான். கம்பத்தைப் பிடிச்சுக்கிடுதேன், சூசைக்கு ஒருநாளும் அவுக ஸ்டியரிங்கைக் குடுத்ததில்ல. குடும்பம் இருக்கு, அந்தப் பிள்ளை ஆரஞ்சு ஜாக்கெட்டோட குதிக்குது, அம்மா பிடிச்சிருக்கா, அவங்க சிரிக்கிறாங்க, சிரிக்கிறாங்கன்னா ஒண்ணுமில்ல, இல்ல ஜனங்க எதுக்கும் சிரிப்பாங்க. பின்பக்கம் பலகையில ஒருத்தர் உக்காந்திருக்காரு. தோள்ல துண்டு. தலை ஈரம். அவுகதான். அவுகதான், உக்காந்திருக்காக, என்னைப் பாத்துட்டாக, பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாக. உசிரு இருக்கு. படகு உரசி நிக்குது, சூசை கயிறை வீசுறான், என் கண்ணைப் பாக்காம வீசுறான். அந்தப் பொம்பளை இறங்கி என்கிட்டத்தான் வாரா. "அக்கா, உங்க டிரைவர் சூப்பருங்க. நங்கூரம் எடுக்கறப்ப கயிறு எதுலயோ சிக்கிக்கிச்சுன்னு பொசுக்குன்னு தண்ணிக்குள்ள குதிச்சுட்டாருங்க, கொஞ்ச நேரம் ஆளையே காணோம், எங்க பாப்பா கை தட்டறா பாருங்க." அப்படியாங்கன்னு சொல்லுதேன். அவுக எந்திரிச்சாக. துண்டு விலகிச்சு. ஜாக்கெட்டு நெஞ்சு மேல தட்டையாக் கிடக்கு, மடிப்பு அவுக்காம, நான் மடிச்சபடியே. அதுக்குக் கீழ சிவப்புப் பிடி நீளமாத் தொங்கிக்கிட்டு ஆடுது.

குடும்பம் போயிருச்சு, சூசை டீக்கடைக்குப் போயிட்டான். ஷெட்டுக்குள்ள பாயில உக்காந்திருக்கோம். அவுக வலது கையால கொளுவியைக் கழட்டப் பாக்காக, வரல, நான் கழட்டினேன். உடம்பெல்லாம் உப்பு.

"இழுத்தீங்களா?"

"இழுத்தேன்."

"எப்படி விழுந்தீங்க?"

"நங்கூரக் கயிறு. இடது கைன்னு நினைச்சே பாக்கல, எட்டிட்டேன். அது வரல." துண்டால வாயோரத்தைத் துடைச்சுக்கிட்டாக. "இழுத்ததும் டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. காத்திருந்தேன். சூசை கழியை நீட்டினான், அவனாத்தான் நீட்டினான், நான் கூப்பிடல. அவங்ககிட்ட குதிச்சேன்னு சொல்லிட்டேன்."

நான் கையை விரிச்சேன். விரல் ஒண்ணொண்ணாப் பிரிய மாட்டேன்னுச்சு. குப்பியைப் பாத்தாக, எடுத்தாக, பெருவிரலை அதோட வாயில வச்சுத் தடவினாக. நான் செய்யும்போது பாத்துப் பழகினதுதான். என்னைப் பாத்தாக.

"கயித்தான் மணி அடிக்கையில," நான் சொன்னேன். ரெண்டையும் கீழ வச்சேன்னு சொல்ல வாய் வரல, ஆனா அது அவுக வீட்டு வழக்கம், சொல்லாமலே அவுகளுக்குத் தெரிஞ்சிருச்சு. குப்பியைத் தன் மடியில வச்சுக்கிட்டாக.

"அவனுக்கு வேண்டிக்கிட்டியா?"

"வேண்டிக்கிட்டேன்."

"அப்பச் சரி. அவன் அங்க கூப்பிட்டுப் பாத்தான், நான் போகல." சிரிக்கப் பாத்தாக, உதடு ஒருபக்கமாப் போச்சு. நான் அழ ஆரம்பிச்சேன், சத்தம் இல்லாம, இந்த மனுசன் என்னை ஒரு அடி அடிச்சா நல்லா இருக்குமேன்னு இருந்துச்சு. சார்கிட்ட நானே கையைப் பத்திச் சொல்லப் போறேன்னு சொன்னேன். அவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. "நாளைக்கு ஒரு கூட்டம் வாரதுக்கு ஒத்துக்கிட்டேன். அதை முடிச்சுட்டு வாரேன், அப்புறம் சொல்லு."

"எதைப் போட்டுக்கிட்டுப் போவீங்க?"

"இதைத்தான். நீ மடிச்சதைத்தான்."

ஜாக்கெட்டை மடியில இழுத்துப் போட்டுப் பிரிச்சேன். மாதா ஈரமா நின்னா, நூல் விடல. செத்த குப்பியைக் கழட்டினேன், டப்பாவுல போட்டேன், சத்தம் கேட்டுச்சு. புதுசை அவுக நீட்டினாக, வாங்கி மரையில வச்சுத் திருக ஆரம்பிச்சேன். ஒரு சுத்து, ரெண்டாவது சுத்து. அப்பக் கோயில்ல சாயங்கால மணி அடிச்சுது. அவுக துண்டைக் கீழ வச்சுட்டு வலது கையை நெத்திக்குக் கொண்டு போனாக, என்னைப் பாத்துக்கிட்டே. என் கை வழக்கப்படி விடப் பாத்துச்சு. நான் விடல. இறுகுற வரைக்கும் திருகினேன், பச்சையை மாட்டினேன், மணி ஓஞ்ச பிறகுதான் சிலுவை போட்டேன்.